சொந்த உபயோகம்

பத்திரம் எழுதும் அமிர்தகடேசன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"ஏற்கெனவே ஒரு வீடு இருக்குல்லம்மா?"
இருக்கிறது. மாடியோடு.
என் பேரிலும் அவர் பேரிலும்.
"அப்ப இது?"
முதலீடு, என்றேன்.
புதுப் பல்செட் மாதிரி
அந்தச் சொல் வாயில் உட்கார மறுத்தது.

வழிகாட்டி மதிப்பு, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம்,
எழுத்துக் கூலி, அதற்கு மேல் ஒரு கவர்.
ஆய்வகத்தில் முப்பது வருடம் குடுவை கழுவிச் சேர்ந்த பி.எஃப். பணம்
மன்னார்குடி வெயிலில் ஸ்பிரிட் போலப் பறந்தது.

வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்.
முப்பது வருடத்துக்கும் சுத்தம்.
முப்பது வருடம் வில்லங்கமே இல்லாத ஒன்றை
அன்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வடக்கே பாமணி ஆற்றுக்கு இறங்கும் சந்து.
தெற்கே ரைஸ்மில் மதில்.
கிழக்கே சந்தானமேரி மனை, மேற்கே பொதுச்சுவர்.
இந்த நான்கெல்லைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடியை
"பக்கிரிசாமி மனைவி வேதவல்லியாகிய தாங்களே
இன்று முதல் சர்வ சுதந்திரமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது"
என்று ராகம் இல்லாமல் வாசித்தார்.
இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமா என்றிருந்தது.
பின்னால் ஆள் காத்திருந்தார்கள்.

நகராட்சியிலிருந்து டேப்போடு வந்தான் லூர்துராஜ்.
ஒரு ஃபேன், ஒரு பாய்,
கல்லூரியில் கழித்துக் கட்டிய முக்காலி.
எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி அளந்தான்.
"சொந்த உபயோகமா, வாடகையா?
சொந்தம்னா வரி குறையும்க்கா."
நல்ல பையன்.
எதிரே ரேஷன் வரிசையில் என் நாத்தனார்
பையைத் தலைக்குப் பிடித்தபடி
இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வாடகை" என்றேன், தெருவுக்குக் கேட்கும்படி.

அரையாண்டுக்கு இருநூற்று எழுபது ரூபாய் கூடுதல்.
நாளைக்கு ஒன்றரை ரூபாய்.

கள்ளத்தனமாக எதுவும் நடக்கவில்லை அங்கே.
செவ்வாயும் வியாழனும் கல்லூரி விட்டு வருவேன்.
கதவைச் சாத்துவேன்.
ஒரு ஆரஞ்சை
யாருக்கும் சுளை பிரித்து நீட்டாமல்
முழுசாகத் தின்பேன்.
மில் ஓடினால் மதில் அதிரும், முதுகுக்கடியில் தரை அதிரும்,
தவிட்டு வாசனை வந்து பாயில் படுக்கும்.
ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்
அந்த வீட்டில் தோசை வார்ப்பேன்.

அவர் அடிப்பவர் இல்லை. குடிப்பவர் இல்லை.
சொசைட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்
வீட்டில் இருப்பவர். அவ்வளவுதான்.
எங்கே போகிறாய் என்று கேட்டு
பதில் வருவதற்குள் சேனல் மாற்றுபவர்.

இந்த அரையாண்டு நோட்டீஸ்
எந்த மகராசன் கொடுத்தானோ
பழைய விலாசத்துக்குப் போய்விட்டது.
நான் திரும்பியபோது
ஃபிரிட்ஜ் மேல், கேஸ் புத்தகத்துக்கு அடியில்,
ரசீது.
"கட்டிட்டேன்" என்றார் டிவியைப் பார்த்தபடி.
"வாடகைன்னு தப்பாப் போட்டு வச்சிருக்கானுவ.
சொந்த உபயோகம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கேன்.
இருநூத்தி எழுபது மிச்சம்."

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.
யாருடைய சொந்தம் என்று எழுதிக் கொடுத்தார் என்றும்.
விளம்பரம் முடியும்வரை நின்றேன்.
"மாவு புளிச்சிருக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை செருப்பு மாட்டும்போது
வர நேரமாகும் என்றேன்.
ரிமோட் அசையவில்லை.

சாயந்திரம் பழவண்டிக்காரன் வழக்கம்போல்
ஒன்றை எடுத்துப் பையில் போட்டான்.
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
கைக்குள் ஒன்றரை ரூபாய்க் கனம்
எங்கே கட்டுவது என்று தெரியாமல்
சந்துவரை கூட வந்தது.